இயல்பும் விகாரமும்: நம் மேடைகளில் ஒலிபெருக்கி

சிங்கப்பூரில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றித் தமிழில் வரும் மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இராகம் எவ்வாறு விரிந்தது, பாடலின் பொருள் யாது, பக்கவாத்தியம் எவ்வளவு இயைந்தது என்பன பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவர். இறுதியில், ஒலிபெருக்கி சற்றுச் சரியாக அமையவில்லை என ஒரு வரி சேர்த்து முடித்துக்கொள்வர். பந்தலைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் குறை கூறுவது போன்றதே அந்த வரி. இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது போன்ற ஓர் எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது.

அவ்வெண்ணம் தவறானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒலிபெருக்கி இசைக்குப் புறம்பானதன்று. அஃது இசைக் கருவியின் ஓர் உறுப்பு. இதனை நன்கு உணர்ந்தவர்கள் மின்கிதார் வாசிப்போர். எனவே கிதார்ப் பெருக்கியை எடுத்துக்கொண்டு, அது வேலை செய்யும் முறையையும் அதன் வகைகளையும் பார்த்தால், வீணைக்கும் குரலுக்கும் நம் மேடைகளில் நேரும் கேட்டினைத் தெளிவாகக் காணலாம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று. ஒலிபெருக்கி என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று பொருள்களைக் குறித்து வருகிறோம். பாடுவோர் வாயருகே நிற்பதும் ஒலிபெருக்கி. இடையே பெட்டியாக இருப்பதும் ஒலிபெருக்கி. பந்தற்காலில் கட்டியிருப்பதும் ஒலிபெருக்கி. முதலாவதற்கு ஒலிவாங்கி என்னும் நல்ல சொல் வழக்குக்கு வந்துவிட்டது. இடையில் உள்ளதைப் பெருக்கி என்றும், இறுதியில் உள்ளதை ஒலிப்பான் என்றும் இக்கட்டுரையில் குறிப்போம். சொல் ஒன்றாக இருக்கும்வரை குறை எங்கே நேர்ந்தது என்பதும் விளங்காது. பெருக்குதல் என்பதற்குத் தமிழில் கூட்டித் தள்ளுதல் என்ற பொருளும் உண்டு. சில மேடைகளில் மெல்லின எழுத்துகள் எல்லாம் கூட்டித் தள்ளப்படுவதைக் கேட்கும்போது, பெயர் இப்பொருளில்தான் அமைந்ததோ என ஐயுற வேண்டியிருக்கிறது.

இலக்கணம் காட்டும் வழி

தமிழாசிரியர்களுக்கு நன்கு பழகிய ஓர் இலக்கணச் செய்தி இங்கே நமக்குத் துணை செய்யும். இரு சொற்கள் புணரும்போது மாற்றமின்றிப் புணர்ந்தால் அஃது இயல்பு. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆவது போல. மாற்றம் நேர்ந்தால் அது விகாரம். அம்மாற்றம் மூவகை என நன்னூலார் வகுத்தார். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது.

விகாரம் என்ற பெயர் இருப்பதால் அதனைப் பிழை என்று எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை. பொற்குடம் என்பதே முறை. பொன்குடம் என்று எழுதினால் அதுதான் பிழை. அவ்வாறே பொன்மலையைப் பொற்மலை என்று எழுதினாலும் பிழை. இடமறிந்த விகாரம் முறை. இடமறியாத விகாரம் வழு.

இசைக் கருவியும் பெருக்கியும் சேர்வதும் இத்தகைய ஒரு புணர்ச்சியே. வந்த அலையை வந்தவாறே பெரிதாக்கித் தருவது இயல்பு. புதிய சுரங்களைத் தோற்றுவித்தும், அலையின் வடிவைத் திரித்தும், சில பகுதிகளைக் கெடுத்தும் தருவது விகாரம். மேடையில் பேச்சுக்கும் பாட்டுக்கும் வைக்கும் பெருக்கி இயல்பாக இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. கிதாருக்கு உரிய பெருக்கியோ விகாரத்துக்கென்றே வளர்ந்தது.

தந்தி முதல் ஒலிப்பான் வரை

மின்கிதாரின் உடல் பெரும்பாலும் திண்ணிய மரக்கட்டை. வீணையின் குடத்தைப் போன்றோ யாழின் பத்தரைப் போன்றோ உள்ளே வெளி கொண்ட அறை அதற்கு இல்லை. ஆகவே அதன் தந்தியைத் தனியே மீட்டினால் அடுத்த அறையில் இருப்போருக்கும் கேளாது. தந்தியின் அடியில் காந்தமும், அதனைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியில் ஏழெட்டாயிரம் சுற்றுகளும் கொண்ட பிக்கப் ஒன்று உண்டு. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1831 இல் பாரடே கண்ட உண்மை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் வெளியிட்ட கிதாரே இம்முறையில் விற்பனைக்கு வந்தவற்றுள் முன்னோடி.

அச்சுருளில் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டில் சில நூற்றில் ஒரு பங்கு முதல் சில பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். அதனைக் கொண்டு ஒலிப்பானின் காகிதக் கூம்பை அசைக்க முடியாது. இங்கேதான் பெருக்கி வருகிறது. பெருக்கி எதனையும் தானாக உண்டாக்குவதில்லை. ஏரியில் நீர் நிறைந்திருக்கிறது. மதகின் பலகையை ஒருவன் கையால் சிறிது உயர்த்துகிறான், சிறிது தாழ்த்துகிறான். வாய்க்காலில் வெள்ளம் அவன் கையசைவின்படி ஏறி இறங்குகிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஏரி நீர். பிக்கப்பிலிருந்து வரும் சிற்றலை அவன் கை. பெருக்கியினுள் இருக்கும் வால்வோ டிரான்சிஸ்டரோ அந்த மதகு.

பெருக்கிக்குள் வேலை மூன்று படியாக நடைபெறும். முதற்படியான முன்பெருக்கி, சிற்றலையைக் கையாளத்தக்க அளவுக்கு உயர்த்துகிறது. அடுத்து, மந்தம், நடு, உச்சம் ஆகிய பகுதிகளைக் கூட்டவும் குறைக்கவும் உரிய திருகுகள் உள்ளன. இறுதிப்படியான ஆற்றல் பெருக்கி, ஒலிப்பானை அசைக்கும் வலிமையைத் தருகிறது. முன்பெருக்கியில் அளவை மிக உயர்த்தினால் அலை தன் எல்லையில் முட்டிக்கொள்ளும். மதகின் பலகையை அதன் சட்டத்துக்கு மேல் உயர்த்த முடியாதல்லவா? அதுபோல அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகிறது. வெட்டுண்ட அலையில் மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஒரு சுரம் வாசித்தால் அதன் இரு மடங்கு அதிர்வான மேல் சட்ஜமும், மும்மடங்கான பஞ்சமமும், ஐம்மடங்கான அந்தர காந்தாரமும் உடன் எழுகின்றன. தோன்றலும் திரிதலும் இங்கே ஒருங்கே நிகழ்கின்றன.

கெடுதல் ஒலிப்பானில் நிகழ்கிறது. கிதார் ஒலிப்பான் பெரும்பாலும் 12 அங்குலக் காகிதக் கூம்பு. உச்ச ஒலிக்கெனத் தனிக் குழல் அதில் இல்லை. ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை அது விரைந்து குறைத்துவிடும். வெட்டுண்ட அலையின் கரகரப்பு மிகுந்த பகுதி அதனால் நீங்குகிறது. கிதாருக்கு இக்கேடு நன்மையாகிறது. இதே கேடு குரலுக்கு என்னாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

வகைகள்

பெருக்கிகளை அவற்றின் மதகை வைத்து மூவகையாகப் பிரிக்கலாம்: வால்வுப் பெருக்கி, டிரான்சிஸ்டர்ப் பெருக்கி, எண்ணியல் பெருக்கி.

வால்வு என்பது காற்றகற்றிய கண்ணாடிக் குழல். அதனுள் சூடேறும் மின்முனை ஒன்றும், தகடு ஒன்றும், இரண்டுக்கும் இடையே மெல்லிய வலை ஒன்றும் உண்டு. சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் தகட்டை நோக்கி ஓடும். வலையில் இடும் சிறு மின்னழுத்தம் அவ்வோட்டத்தைக் கட்டுப்படுத்தும். 1906 இல் லீ டி பாரஸ்ட் அமைத்த மும்முனைக் குழலின் வழிவந்தது இது. பழைய வானொலிப் பெட்டியைத் திருகிய பின் அது சூடேறிப் பேசும்வரை காத்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; அந்த வானொலியின் உடன்பிறப்பே வால்வுப் பெருக்கி. மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் சற்றே கரகரத்தும் ஒலிப்பது இதன் சிறப்பு. எல்லையை அணுகும்போது இது திடுமென முறியாது; படிப்படியாக வளைந்து கொடுக்கும். விரலின் அழுத்தமே நிறத்தை மாற்றுவதால், வாசிப்பவன் இதனைத் தன் கருவியின் நீட்சியாகவே கருதுகிறான். குறையும் உண்டு: எடை மிகுதி; குழல்கள் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்; உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் ஓடும். விசையை நிறுத்திய பின்னும் அவ்வழுத்தம் உள்ளே தங்கியிருக்கக் கூடுமாதலால், அறியாதார் திறந்து பார்ப்பது உயிருக்குக் கேடு.

சிங்கப்பூருக்கும் இவ்வகைக்கும் பழைய உறவு உண்டு. 1961 இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் இங்கு வந்து வாசித்தனர். ஷாடோஸ் குழுவினர் கையாண்டது இங்கிலாந்தின் வாக்ஸ் பெருக்கி. அவர்களுக்கு மேலும் ஒலி வேண்டியிருந்தமையே 1950களின் இறுதியில் உருவான 30 வாட் வாக்ஸ் ஏசி-30 பிறந்த காரணங்களுள் ஒன்று. அவர்களைக் கேட்டுக் கிதார் ஏந்திய சிங்கப்பூர் இளைஞர்கள் பலர். குவெஸ்ட்ஸ் என்னும் உள்ளூர்க் குழு 1964 இல் வெளியிட்ட ‘ஷான்டி’ என்னும் இசைத்தட்டு, பீட்டில்ஸ் குழுவின் பாடலையும் பின்தள்ளிச் சிங்கப்பூரின் தரவரிசையில் முதலிடம் பெற்றது. அவ்விசையில் பாட்டு இல்லை, சொல் இல்லை, கிதாரே பாடியது. சொல்லில்லாத இசையில் கருவியின் நிறமே பொருள். அந்நிறத்தில் செம்பாதி பெருக்கியினுடையது.

இரண்டாம் வகை டிரான்சிஸ்டர்ப் பெருக்கி. டிரான்சிஸ்டர் 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதனைக் கண்ட பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவரும் 1956 இல் நோபெல் பரிசு பெற்றனர். இவ்வகைப் பெருக்கி இலேசானது, சூடேறக் காத்திருக்க வேண்டா, நெடுநாள் உழைக்கும். எல்லைக்குள் மிகத் தூய்மையாக ஒலிக்கும். எல்லையைக் கடந்தால் திடுமெனக் கடுமையாக முறியும். இவ்வகையுள் புகழ்பெற்றது 1975 இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜேசி-120. தெளிந்த நீர் போன்ற ஒலிக்கு இன்றும் அதனையே எடுத்துக்காட்டாகச் சொல்வர்.

மூன்றாம் வகை எண்ணியல் பெருக்கி. ஒலியலையை எண்களாக மாற்றி, இன்ன வால்வும் இன்ன ஒலிப்பானும் சேர்ந்தால் அலை எவ்வாறு மாறுமோ அவ்வாறே கணக்கிட்டு மாற்றி, மீண்டும் ஒலியாக்கித் தருவது இது. லைன் 6 நிறுவனத்தின் பாட் என்னும் சிறு பெட்டி 1998 இல் வந்த பின் இம்முறை பரவியது. 2011 இல் வந்த கெம்பர் கருவி, உண்மையான ஒரு பெருக்கியை ஆராய்ந்து அதன் நடையைப் படியெடுத்து வைத்துக்கொள்ள வழி செய்தது. இந்நகரில் ஐவருள் ஏறக்குறைய நால்வர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், ஒரு சுவருக்கு இருபுறமும் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுப் பிள்ளை இரவில் காதணியை மாட்டிக்கொண்டு கிதார் பழக இவ்வகையே ஏற்றது.

இம்மூன்றும் உருவ வகையில் மேலும் பிரியும். பெருக்கியும் ஒலிப்பானும் ஒரே பெட்டியில் அமைவது கூட்டுப்பெட்டி. தலையாகிய பெருக்கி வேறு, ஒலிப்பான் பெட்டி வேறு என அமைவது பிரிபெட்டி. மந்தக் கிதாருக்கு வலிமை மிகுந்த தனிவகை உண்டு. குடமுள்ள மரக் கிதாருக்கென ஒரு வகையும் உண்டு. இதில் உச்ச ஒலிக்குத் தனி ஒலிப்பான் இருக்கும். விகாரம் மிகக் குறைவு. வீணை வாசிப்போர் நினைவில் வைக்க வேண்டிய வகை இதுவே.

வாட் அளவு பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. 100 வாட் பெருக்கி 50 வாட் பெருக்கியைப் போல் இரு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று பலர் நம்புகின்றனர். ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். சிறு மன்றத்தில் பேருருவப் பெட்டிகளை அடுக்குவது பெருமைக்கேயன்றி இசைக்கன்று. அமெரிக்காவிலிருந்து வரவழைப்போர் இன்னொன்றும் நோக்க வேண்டும். அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கு 230 வோல்ட். மாற்றி இல்லாமல் செருகினால் பெருக்கி எரிந்துபோகும்.

முறையான விகாரம்

கிதாரின் விகாரத்தை அயல்நாட்டார் ஆரவாரம் என ஒதுக்குவோர் நம்மில் உண்டு. அவர்கள் தம்புராவை ஒருமுறை உற்று நோக்குதல் நன்று. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவா என்னும் ஒரு நூலை இடுகிறோம். நூல் இல்லையேல் தம்புரா ஊமை. நூல் உரிய இடத்தில் அமைந்தால் ஒரே தந்தியிலிருந்து மேற்சுரங்கள் பல மின்னி எழுகின்றன. இந்நூல் செய்வது யாது? அதிரும் தந்தியைக் குதிரையின் வளைந்த முகத்தில் உராயவிட்டு அதன் இயல்பான அசைவை மாற்றுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921 இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். தந்தியை மீட்டும் இடத்தில் அசைவற்று நிற்கும் மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா என்பது மேலைநாட்டார் கண்ட விதி. நம் கருவிகளில் அவையும் ஒலிப்பதை அவர் காட்டி, அதற்குக் குதிரையின் அமைப்பே காரணம் என்றார். விகாரத்தால் அழகு செய்யும் கலை மின்சாரம் வருமுன்பே நம்மிடம் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இந்நோக்கில் 1992 இல் சிங்கப்பூர் இந்திய இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழுவின் இசையைக் கேட்டல் தகும். கடுமையான மெட்டல் இசையோடு வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் இணைத்துத் தம் இசைக்கு வேதிக் மெட்டல் எனப் பெயரிட்டுக்கொண்டவர்கள் இவர்கள். 2005 இல் வெளிவந்த ‘பிரம்மவித்யா’ வரிசையின் முதல் தொகுப்பு பலரும் அறிந்தது. இவ்வகை இசையில் கிதார் பெரும்பாலும் இரண்டு சுரங்களையே சேர்த்து வாசிக்கும்: சட்ஜமும் பஞ்சமமும். பழந்தமிழ் மரபில் குரலும் இளியும். ஏன் இவ்விரண்டு? வெட்டுண்ட அலையில் இரு சுரங்கள் கலந்தால், அவற்றின் வேறுபாட்டளவுள்ள மூன்றாம் சுரம் ஒன்று தானே பிறக்கும். 200 ஹெர்ட்ஸும் 300 ஹெர்ட்ஸும் கலந்தால் 100 ஹெர்ட்ஸ் பிறக்கும். அது கீழ்ச் சட்ஜம். ஆகவே குரலும் இளியும் சேர்ந்தால் சுருதி அடியில் மேலும் உறுதிப்படுகிறது. கிதாரில் சமமாகப் பகுத்து வைத்த காந்தாரத்தைச் சேர்த்தாலோ, பிறக்கும் சுரம் சற்றே பிசகி மோதும். தம்புராவிலும் நாம் மீட்டுவது பஞ்சமமும் சட்ஜமுமே அல்லவா?

ருத்ராவின் இசையில் கிதார்ப் பெருக்கி ஒரு பெருந்தம்புராவின் வேலையைச் செய்கிறது என்பது என் கருத்து. மந்திரம் அதன்மேல் நிற்கிறது. அக்குழுவின் குறையும் இதே இடத்தில்தான் உள்ளது. உறுமும் குரலும் அடர்ந்த கிதாரும் ஒரே ஒலிப்பகுதியில் மோதுவதால், சொல் தெளிவாகக் கேட்பது குறைகிறது. பொருளறிய விரும்புவோர் அச்சிட்ட வரிகளை நாட வேண்டியிருக்கிறது. சொல்லையே உயிராகக் கொண்ட ஒரு மரபை எடுத்தாளும்போது இஃது இழப்பே. ஆயினும் இவ்விழப்பு அவர்கள் தெரிந்து ஏற்றுக்கொண்டது, அறியாது நேர்ந்ததன்று. திறனாய்வாளன் அதனோடு வாதிடலாம். அதனை வழு என்று தள்ள முடியாது.

முறையற்ற விகாரம்

இனி வீணைக்கு வருவோம். ஒரு பொங்கல் விழா மேடையையோ சமூக மன்ற அரங்கையோ எண்ணிப் பாருங்கள். வீணையின் உடலில் அதிர்வை வாங்கும் சிறு ஒலிவாங்கி ஒன்றை ஒட்டி, அதன் கம்பியை அருகிலிருக்கும் ஏதோ ஒரு பெட்டியில் செருகுவர். அவ்வொலிவாங்கி பீசோ என்னும் படிக வகையைச் சார்ந்தது. அதற்குப் பத்து இலட்சம் ஓம் அளவுக்கு உயர்ந்த மின்தடையுள்ள வாயில் வேண்டும். பொதுவான கலவைப் பெட்டியின் வாயிலில் பல வேளைகளில் பத்தாயிரம் ஓம் அளவே இருக்கும். அதனால் மந்த ஒலி முழுதும் வடிந்துபோய், குடத்தின் நிறைவு மறைந்து, தகரத்தைத் தட்டுவது போன்ற மெல்லொலியே எஞ்சும். இஃது அறியாத ஒருவர் வீணை மெலிந்துவிட்டது என்று மந்தத் திருகை முழுதும் திருப்புவார். உடனே அரங்கமே அதிரும், ஊளையொலி எழும். மறுநாள் எழுதும் மதிப்புரையாளரோ, கலைஞரின் வாசிப்பில் இன்று அழுத்தம் குறைந்தது என்று எழுதிவிடுவார். பெட்டியின் பிழை கலைஞர் தலையில் ஏறுகிறது.

குரலின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. இடம் போதவில்லை என்று கிதார்ப் பெருக்கியிலேயே பாடுவோரின் ஒலிவாங்கியையும் செருகுவது சிறு நிகழ்ச்சிகளில் காணும் வழக்கம். 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை அது கெடுக்கும் என முன்பு கண்டோம். சகரத்தின் சீறொலி பெரிதும் வாழும் இடம் அதுவே. லகர, ளகர, ழகர வேறுபாடு அதற்குக் கீழே உள்ள பகுதியில் அமைகிறது. அளவுக்கு மீறிய மந்த ஒலி மேலுள்ள ஒலிகளை மூடி மறைக்கும் என்பது செவியின் இயல்பாதலால், அவ்வேறுபாடும் அமிழ்ந்து போகிறது. அலை வெட்டுண்டால் புதிதாகத் தோன்றும் சுரங்கள் எஞ்சியதையும் குழப்பும். ஆண்டு முழுவதும் வகுப்பில் ழகரம் பழக்கிய ஆசிரியர், தமிழ்மொழி விழா மேடையில் தம் மாணவி பாடும்போது அவ்வெழுத்தைத் தேடி நிற்கிறார். அவள் சரியாகவே ஒலித்தாள். கெடுத்தது பெட்டி.

இவற்றோடு சுருதிப் பிழையும் சேர்கிறது. நில இணைப்புச் சரியாக இல்லாத பெருக்கியில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் இடைவிடாது முனகும். பாடுவோரின் சட்ஜம் வேறாக இருக்க, தம்புராவுக்குப் போட்டியாக இன்னொரு சுருதி மேடையில் நிற்கிறது. நல்ல பயிற்சியுள்ள பாடகரையும் அது மெல்ல இழுக்கும்.

அப்படியாயின் பெருக்கியே வேண்டா என்று விடுவதா? அதுவும் பொருந்தாது. ஒலிவாங்கி வருமுன் பெருங்கூட்டத்துக்குக் கேட்க வேண்டி உச்சச் சுருதியில் பாடியவர்கள், அது வந்த பின் தாழ்ந்த சுருதியில் நுண்ணிய கமகங்களைப் பாட முடிந்தது. எஸ்பிளனேட் இசை அரங்கு 2002 இல் திறக்கப்பட்டபோது, ஒலித்திரைகளும் எதிரொலி அறைகளும் அமைத்து, கட்டடத்தையே தேவைக்கேற்ப மாற்றத்தக்க கருவியாக்கினர். அத்தகைய அரங்கில் பெருக்கி இல்லாமலும் வீணை கேட்கும். கேம்பல் லேன் தெருவின் விழா மேடைக்கு அந்த வசதி இல்லை. அங்கே பெருக்கி வேண்டும். ஏற்ற பெருக்கி வேண்டும்.

ஏற்ற பெருக்கி எத்தகைய பயனைத் தரும் என்பதற்கு மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சான்று. பொதுவான மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள், ஒலி விரைந்து மடியும், கமகத்துக்கு இடமில்லை. அவர் மின்மாண்டலினை எடுத்து, ஒற்றைத் தந்திகளாக ஐந்தை அமைத்துக்கொண்டார். மேலைநாட்டு மின்கருவியில் கருநாடக இசையா என முதலில் ஐயுற்றவர்கள் உண்டு. அவர் செய்தது யாதெனின், மடிந்துகொண்டிருக்கும் தந்தியொலியைப் பெருக்கியின் துணையால் நெடுநேரம் செவிக்கு எட்டச் செய்தார். தந்தியின் வாழ்நாளை அது நீட்டவில்லை. நாம் அதனைக் கேட்கும் நேரத்தை நீட்டியது. அந்த நேரத்துக்குள் இழுப்பும் அசைவும் வாழ இடம் கிடைத்தது. கரகரப்பை அவர் நாடவில்லை, தெளிவை நாடினார். பெருக்கியின் இயல்பை இசையின் தேவையோடு புணர்த்தியதே அவர் வெற்றி. சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கிதாரில் அதே வழியைத் தத்தம் முறையில் கண்டனர்.

நரம்பின் குற்றமும் பெருக்கியின் குற்றமும்

நம் முன்னோர் இசையைப் பற்றி எழுதியபோது கருவியின் உறுப்புகளை ஒதுக்கவில்லை. யாழ் நரம்பின் குற்றம் நான்கு என வகுத்து, கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு எனப் பெயரும் இட்டனர். கருவிக்கு ஆகாத மரத்தின் குற்றங்களையும் எண்ணி வைத்தனர். நரம்பில் ஒரு மயிரிழை இருப்பதும் இசையாராய்ச்சிக்கு உரிய பொருள் என்பது அவர் கொள்கை. 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலானந்த அடிகள் இப்பழஞ்செய்திகளை அறிவியற் கணக்கோடு சேர்த்து ஆராய்ந்தார். இலக்கியம் கற்றவர் அதிர்வெண் கற்பது இழுக்கன்று என அந்நூல் நமக்குக் காட்டியது. அவ்வழியில் பிறந்த நாம் ஒரு வரியில் ஒலிபெருக்கி சரியில்லை என்று எழுதி நகர்வது எப்படிப் பொருந்தும்?

மதிப்புரை எழுதுவோர் மூன்றை நோக்கினால் போதும். கருவிக்கு விகாரம் வேண்டுமா, இயல்பு வேண்டுமா என்பது முதலாவது. வைத்த பெட்டி அதற்கு ஏற்றதா என்பது இரண்டாவது. கேட்ட குறை கையினதா, பெட்டியினதா என்பது மூன்றாவது. இவற்றை அறிய மின்னியல் வல்லுநர் ஆக வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முன் அரை மணி நேரம் அரங்கில் இருந்து, பெருக்கி இல்லாமல் ஒருமுறையும் பெருக்கியோடு ஒருமுறையும் கேட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

விழா நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். நாற்காலிக்கும் மாலைக்கும் முன்பே திட்டமிடும் நாம், ஒலியமைப்பாளரைக் கலைஞரோடு ஒருநாள் முன்னதாகப் பேசச் செய்தல் வேண்டும். வீணைக்கு உயர்தடை வாயில் வேண்டும், குரலுக்கு முழு ஒலிப்பரப்புள்ள ஒலிப்பான் வேண்டும், கிதாருக்கு அதன் பெருக்கியே வேண்டும் என்னும் மூன்று குறிப்பும் ஒரு தாளில் அடங்கும். பள்ளிகளிலும், 1949 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இசைக்கூடங்களிலும் பயிலும் பிள்ளைகளுக்குச் சுருதி சேர்க்கக் கற்றுத் தருகிறோம். தம் ஒலி எந்தப் பெட்டி வழியாகச் செல்கிறது என்பதையும் உடன் கற்றுத் தரலாம். கிதார் வாசிக்கும் இளைஞன் இதனைத் தானே தேடிக் கற்றுக்கொள்கிறான். தன் பெருக்கியைப் பிறர் தொட விடமாட்டான். வீணை பயிலும் பெண்ணுக்கும் அந்த உரிமையும் அறிவும் வேண்டும்.

பொற்குடத்தைப் பொன்குடம் என்று எழுதினால் சிவப்பு மையால் திருத்தும் நாம், பொன்மலை பொற்மலையாக ஒலிக்கும் மேடையில் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். செவிக்கும் அந்தச் சிவப்பு மை வேண்டும்.